புது போன்ல பழைய டேட்டா முழுசா வருமா? போட்டோ வரும்.. யுபிஐ வராது.. காரணம் இதுதான்!

டெலிவரி செய்பவர் வாசலில் நிற்கிறார். ஒரு கையில் புது போன் பெட்டி. இன்னொரு கை எக்ஸ்சேஞ்சுக்காக நீட்டப்பட்டிருக்கிறது. "லாக் எல்லாம் எடுத்துட்டு, ரீசெட் பண்ணிக் கொடுங்க" என்கிறார். அவசர அவசரமாக பழைய போன் அழிக்கப்பட்டு அவர் பைக்குள் போகிறது. அதுவரை புது போனை யாரும் ஆன் செய்துகூடப் பார்த்திருக்க மாட்டார்கள். பண்டிகைக் கால ஆஃபர்களில் வாங்கப்படும் பல போன்கள் இப்படித்தான் கைமாறுகின்றன.

பிரச்னை தெரிவது அன்று இரவுதான். போட்டோக்கள் வந்துவிட்டன, ஆப்களும் வரிசையாக இறங்கிவிட்டன. ஆனால், வாட்ஸ்அப்பைத் திறந்தால் காலி. யுபிஐ ஆப் முதலில் இருந்து பதிவு செய்யச் சொல்கிறது. வங்கி ஆப் உள்ளேயே விட மறுக்கிறது. 'டேட்டா டிரான்ஸ்ஃபர் ஆகிவிட்டது' என்று போன் சொன்னதே, அப்புறம் ஏன் இப்படி?

போனில் இருப்பவை இரண்டு வகை. ஒன்று, காப்பி எடுக்கக் கூடியவை. போட்டோ, வீடியோ, தொடர்பு எண்கள், குறுஞ்செய்திகள் எல்லாம் இதில் வரும். இன்னொன்று, 'இந்த போனை வைத்திருப்பவர் இவர்தான்' என்று சொல்லும் ரகசியச் சாவிகள். இவை போனுக்குள்ளேயே, வெளியே எடுக்க முடியாதபடி பூட்டி வைக்கப்படுகின்றன. முதல் வகை ஒரு போனில் இருந்து இன்னொன்றுக்குப் போகும். இரண்டாவது வகை போகாது. போகவும் கூடாது. போனால், உங்கள் பேக்கப்பைத் திருடும் ஒருவர் வங்கிக் கணக்கையும் சேர்த்தே எடுத்துப் போய்விடலாம்.

சிக்கல் என்னவென்றால், இந்த வித்தியாசத்தை எந்த போன் பெட்டியிலும் அச்சடித்துத் தருவதில்லை.

முதல் திரையிலேயே பாதி வேலை

புது ஆண்ட்ராய்டு போனை முதன்முறை ஆன் செய்யும்போது, 'ஆப்களையும் டேட்டாவையும் காப்பி செய்யவா?' என்று ஒரு திரை வரும். சீக்கிரம் போனைப் பார்க்க வேண்டும் என்ற ஆசையில் பலரும் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அங்கேதான் தவறுகிறது. பழைய போன் பக்கத்தில் இருந்தால் கேபிள் போட்டோ, வைஃபை வழியாகவோ நேரடியாக மாற்ற வசதியான தருணம் அதுதான். தாண்டிவிட்டால், பல போன்களில் மறுபடி ரீசெட் செய்துதான் அந்தத் திரைக்கே வர முடியும். ஐபோனில் இரண்டு போன்களையும் அருகருகே வைத்து நேரடியாக மாற்றும் வசதி 2019-ல் ஐஓஎஸ் 12.4 உடன் வந்தது.

தவறவிட்டவர்களுக்கு இன்னொரு வழி, நிறுவனங்களின் சொந்த ஆப்கள். சாம்சங்கில் ஸ்மார்ட் ஸ்விட்ச், விவோவில் ஈஸிஷேர், ஷாவ்மியில் மி மூவர், ஓப்போவில் குளோன் போன். இவற்றை செட்டப் முடிந்த பிறகும் பயன்படுத்தலாம். ஒரு காலத்தில் நம்ம ஊரில் கைக்குக் கை ஷேர்இட், ஜெண்டர் தான். 2020 ஜூன் 29 அன்று மத்திய அரசு தடை செய்த 59 ஆப்களில் இந்த இரண்டும் இருந்தன. அதே பெயரில் எங்கிருந்தோ ஏபிகே ஃபைலாகக் கிடைக்கிறது என்று இன்ஸ்டால் செய்வது, வீட்டுச் சாவியைத் தெருவில் போகிறவரிடம் கொடுப்பது மாதிரி.

கூகுள் பேக்கப் இருக்கே?

இருக்கிறது, ஆனால் பலர் நினைக்கும் அளவுக்கு இல்லை. கூகுள் கணக்கில் இலவச இடம் 15 ஜிபி. ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றும் அதைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. போட்டோக்களுக்கு வரம்பில்லாத இலவச இடம் 2021 ஜூன் 1-ஓடு முடிந்தது. இடம் நிரம்பிய நாளில் இருந்து பேக்கப் நின்றுபோயிருக்கும். அதைச் சொல்லும் அறிவிப்பைத் தள்ளிவிட்டே பழகியிருப்போம். ஐபோனில் நிலைமை இன்னும் இறுக்கம். ஐகிளவுடில் இலவசம் 5 ஜிபி மட்டும்தான். ஆனால், புது ஐபோனுக்கு மாறுகிறவர்களுக்கு மட்டும், மொத்த போனையும் பேக்கப் எடுக்க 21 நாட்களுக்குக் கூடுதல் இடத்தை ஆப்பிள் தற்காலிகமாக இலவசமாகத் தருகிறது. ஐஓஎஸ் 15-ல் வந்த வசதி இது. பலருக்கும் தெரியாது.

ஆப்களின் உள் டேட்டாவுக்கு ஆண்ட்ராய்டில் வேறு கணக்கு. கிளவுடில் ஒவ்வொரு ஆப்புக்கும் 25 எம்பி வரைதான். அதையும் எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிடும் உரிமை ஆப்பை உருவாக்கியவருக்கு உண்டு. ஆப் திரும்பி வந்தும், அதற்குள் இருந்தது எதுவும் வராமல் போவது இதனால்தான். இன்னொன்று, பழைய போனை 57 நாட்கள் பயன்படுத்தாமல் வைத்திருந்தால் அதன் பேக்கப்பை கூகுள் அழித்துவிடலாம். போன் உடைந்து இரண்டு மாதம் கழித்துப் புதிது வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய தடை ஒன்று உண்டு. அது, எந்த ஜிமெயில் என்பதே தெரியாமல் இருப்பது. அப்பா, அம்மா போன்களில் மொபைல் கடைக்காரரே புதிதாக ஒரு ஐடி போட்டுக் கொடுத்திருப்பார். பாஸ்வேர்டு யாருக்கும் தெரியாது. பேக்கப் பத்திரமாக இருக்கும், திறக்கத்தான் முடியாது. போனை மாற்ற நினைக்கும் வீட்டில் முதல் வேலை, பழைய போன் செட்டிங்ஸில் இருக்கும் ஜிமெயில் முகவரியைப் பார்த்து, அதன் பாஸ்வேர்டை மாற்றி எழுதி வைப்பதுதான்.

வாட்ஸ்அப்: ஒரே ராத்திரியில் அழியும் பேக்கப்

காலமான தாத்தா அனுப்பிய வாய்ஸ் மெசேஜ், கடன் கொடுத்ததற்கான ஒரே ஆதாரம், குழந்தையின் முதல் வீடியோ. இதெல்லாம் பலருக்கு வாட்ஸ்அப்பில் மட்டும்தான் இருக்கிறது. அதனால் இதில் கொஞ்சம் நிதானம் வேண்டும்.

ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப் பேக்கப் கூகுள் கணக்குக்குப் போகிறது. முன்பு இது 15 ஜிபி கணக்கில் சேராமல் இருந்தது. இனி சேரும் என்று 2023 நவம்பரில் அறிவித்து, அடுத்த சில மாதங்களில் அமலுக்குக் கொண்டுவந்தார்கள். பேக்கப் அமைப்பில் 'வீடியோக்களைச் சேர்' என்று தனி பட்டன் இருக்கிறது. நாமாக ஆன் செய்யாவிட்டால் அது ஆஃப்தான். அதனால் சாட் எல்லாம் வந்து, வீடியோக்கள் மட்டும் வராமல் போவது சகஜம்.

புது போனில் அதே எண்ணைப் பதிவு செய்ததும், 'பேக்கப்பை மீட்டெடுக்கவா?' என்று வாட்ஸ்அப் கேட்கும். பேக்கப் எடுத்த அதே கூகுள் கணக்கு புது போனில் இருந்தால்தான் இந்தக் கேள்வியே வரும். இங்கே 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று தாண்டிவிட்டு, புது சாட்டை ஆரம்பித்தால் ஆபத்து. அதே கூகுள் கணக்கில் அடுத்த பேக்கப் எடுக்கப்படும்போது அது பழையதன் மேல் எழுதப்படும். தானியங்கி பேக்கப் ஆன் ஆகியிருந்தால், ஒரே ராத்திரியில் பல வருட உரையாடல் போய், நேற்று வந்த நான்கு குட்மார்னிங் மெசேஜ் மட்டும் மிஞ்சும். முந்தைய பேக்கப்பைத் திரும்பப் பெற வழி இல்லை.

தாண்டிவிட்டவர்கள் உடனே செய்ய வேண்டியது: வாட்ஸ்அப்பில் பேக்கப்பை நிறுத்திவிட்டு, ஆப்பை நீக்கி மறுபடி இன்ஸ்டால் செய்து, சரியான ஜிமெயிலோடு மீட்டெடுக்க முயல்வது. பழைய போன் இன்னும் கையில் இருந்தால், அதன் உள்ளே கடைசி சில நாட்களின் பேக்கப் ஃபைல்கள் தனியாக இருக்கும். அதையும் எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

இரண்டு போனும் கையில் இருப்பவர்களுக்கு கிளவுடே தேவையில்லை. இரண்டுமே ஆண்ட்ராய்டு அல்லது இரண்டுமே ஐபோன் என்றால், பழைய போன் வாட்ஸ்அப்பில் 'சாட்களை மாற்று' என்ற இடத்துக்குப் போய் கியூஆர் கோடை ஸ்கேன் செய்தால் போதும். 2023 ஜூன் 30-ல் அறிமுகமான வசதி. எண்ட்-டு-எண்ட் என்கிரிப்ஷன் போட்ட பேக்கப் வைத்திருப்பவர்கள், அந்த பாஸ்வேர்டோ 64 இலக்கச் சாவியோ இல்லாமல் எதையும் மீட்க முடியாது. வாட்ஸ்அப் நிறுவனத்தாலும் முடியாது.

ஆண்ட்ராய்டில் இருந்து ஐபோனுக்குத் தாவுகிறவர்களுக்கு, 'மூவ் டு ஐஓஎஸ்' ஆப் வழியாக வாட்ஸ்அப் சாட்டைக் கொண்டுபோகும் வசதி 2022-ல் வந்தது. நிபந்தனை ஒன்றுதான். ஐபோன் புத்தம் புதிதாகவோ, ரீசெட் செய்யப்பட்டோ இருக்க வேண்டும். ஒரு வாரம் ஐபோனைப் பயன்படுத்திவிட்டு, 'அய்யோ சாட்' என்று நினைவு வந்தால், ஐபோனை அழித்துவிட்டுத்தான் தொடங்க வேண்டியிருக்கும்.

யுபிஐ ஏன் வராது?

யுபிஐ ஆப்பில் புதிதாகப் பதிவு செய்யும்போது, உங்கள் போனில் இருந்து ஒரு எஸ்எம்எஸ் தானாகப் போவதைக் கவனித்திருப்பீர்கள். வங்கியில் கொடுத்த எண்ணின் சிம் இந்த போனுக்குள்தான் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை அது. சிம்மையும் போனையும் சேர்த்து முடிச்சுப் போடுகிறார்கள். போன் மாறினால் முடிச்சு அவிழ்ந்துவிடும், மறுபடி போட வேண்டும். ரீசார்ஜ் முடிந்த சிம் என்றால் எஸ்எம்எஸ் போகாது, பதிவும் நடக்காது. இரண்டு சிம் போட்டிருந்தால், வங்கியில் கொடுத்த எண்ணைத் தேர்வு செய்ய வேண்டும்.

பதிவு முடிந்தாலும் உடனே பெரிய தொகை அனுப்ப முடியாது. போனை மாற்றியவர்களுக்கு முதல் 24 மணி நேரத்துக்கு 5,000 ரூபாய் என்ற உச்சவரம்பைப் பல வங்கிகள் வைத்திருக்கின்றன. ஐபோனில் இந்தக் காத்திருப்பு இன்னும் நீளலாம். மோசடிக்காரர் ஒருவர் உங்கள் எண்ணைத் தன் போனில் ஏற்றிவிட்டால், மொத்தப் பணமும் ஒரே மூச்சில் போகாமல் இருக்கத்தான் இந்தத் தடுப்பு. மருத்துவமனை பில், காலேஜ் ஃபீஸ் கட்ட வேண்டிய நாளில் போனை மாற்றாமல் இருப்பது நல்லது.

இதைவிடப் பெரிய பொறி ஒன்று இருக்கிறது. போனோடு சேர்த்து சிம்மையும் மாற்றுவது. பழைய சிம்முக்கு பதில் புது சிம் வாங்கினால், அந்த எண்ணுக்கு 24 மணி நேரம் எஸ்எம்எஸ் வராது, போகாது. சிம் ஸ்வாப் மோசடியைத் தடுக்கத் தொலைத்தொடர்புத் துறை கொண்டுவந்த கட்டுப்பாடு இது. பிளாஸ்டிக் சிம்மை இ-சிம்மாக மாற்றினாலும் பெரும்பாலும் இதே நிலைதான். 2025 செப்டம்பரில் வந்த ஐபோன் ஏர் போல, இ-சிம் மட்டுமே ஏற்கும் போன்களுக்கு மாறுகிறவர்கள் இதில் மாட்டுவார்கள். எஸ்எம்எஸ் இல்லை என்றால் ஓடிபி இல்லை. ஓடிபி இல்லை என்றால் யுபிஐ, வங்கி ஆப், பல தளங்களின் லாகின் எதுவும் ஒரு நாள் முழுக்கக் கிடையாது. முடிந்தால் சிம் மாற்றத்தை முதல் வாரமும், போன் மாற்றத்தை அடுத்த வாரமும் வைத்துக்கொள்ளலாம்.

கூகுள் ஆத்தென்டிகேட்டர் போன்ற ஆப்களில் வரும் ஆறு இலக்கக் குறியீடுகளும் இதே 'சாவி' வகைதான். 2023 ஏப்ரலில் இருந்து கூகுள் கணக்கோடு சிங்க் செய்யலாம். செய்யாதவர்கள் பழைய போனை அழிக்கும் முன் கியூஆர் வழியாக மாற்றிவிட வேண்டும். டிஜிலாக்கர் பற்றிக் கவலை வேண்டாம். லாகின் செய்தால் சான்றிதழ்கள் அப்படியே இருக்கும்.

இனி முடிச்சு இன்னும் இறுகும்

2025 நவம்பர் இறுதியில், வாட்ஸ்அப், டெலிகிராம், சிக்னல், ஸோஹோவின் அரட்டை உள்ளிட்ட செய்திப் பரிமாற்ற ஆப்களுக்கு தொலைத்தொடர்புத் துறை ஒரு உத்தரவு போட்டது. பதிவு செய்த சிம் போனுக்குள் இருந்தால்தான் ஆப் வேலை செய்ய வேண்டும், கணினியில் திறந்த வெப் வெர்ஷன் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை தானாக லாக்-அவுட் ஆக வேண்டும் என்பது அதன் சாரம். 90 நாள் அவகாசமும் தரப்பட்டது. வெளிநாட்டில் இருந்தபடி இந்திய எண்களில் நடத்தப்படும் 'டிஜிட்டல் அரெஸ்ட்' போன்ற மோசடிகளைத் தடுப்பதே நோக்கம் என்கிறது அரசு. இன்னொரு பக்கம், ஓடிபியைத் தாண்டி வேறு சரிபார்ப்பு முறைகளுக்கும் வழிவிடும் ரிசர்வ் வங்கியின் விதிகளுக்கு 2026 ஏப்ரல் 1 அமலாக்கத் தேதியாகக் குறிக்கப்பட்டது. கைரேகையும் போனுக்குள் இருக்கும் டோக்கனும் அந்த முறைகளில் அடங்கும்.

இரண்டும் மோசடியைக் குறைக்கக் கூடியவைதான். ஆனால், இரண்டுமே ஒருவரின் அடையாளத்தை அவர் கையில் இருக்கும் சிம்மோடும் போனோடும் இன்னும் இறுக்கமாகக் கட்டுகின்றன. பழைய போனை சிம் இல்லாமல் வீட்டு வைஃபையில் வைத்து வாட்ஸ்அப் பார்க்கும் பெரியவர்களுக்கு அந்த வழி அடைபடும். போன் தொலைந்தால் ஏற்படும் முடக்கமும் பெரிதாகும். பாதுகாப்பின் பெயரில் கட்டுப்பாடுகளை அடுக்கும்போது, போன் மாற்றுவோருக்கு நான்கு நாள் அவகாசம் கொடுங்கள் என்று எக்ஸ்சேஞ்ச் நடத்தும் நிறுவனங்களிடமும் சொல்லியிருக்கலாம். வாசலில் நின்று ஐந்து நிமிடத்தில் பழைய போனை வாங்கும் முறையும், 24 மணி நேரம் காத்திரு என்று சொல்லும் விதியும் ஒன்றோடொன்று ஒட்டவே இல்லை.

பழைய போனைக் கொடுக்கும் முன்

புது போனில் யுபிஐயில் ஒரு ரூபாய் அனுப்பிப் பாருங்கள். வாட்ஸ்அப்பில் மூன்று வருடத்துக்கு முந்தைய ஒரு சாட்டைத் திறந்து, அதிலுள்ள வீடியோ ஓடுகிறதா என்று பாருங்கள். தொடர்பு எண்களின் எண்ணிக்கை இரண்டு போன்களிலும் ஒன்றாக இருக்கிறதா என்று ஒப்பிடுங்கள். போனின் உள்நினைவகத்தில் மட்டும் சேமித்த எண்கள் கூகுள் கணக்குக்குப் போயிருக்காது. கால் ரெக்கார்டிங், வாய்ஸ் ரெக்கார்டர் ஃபைல்களைக் கையால்தான் காப்பி எடுக்க வேண்டியிருக்கும்.

எக்ஸ்சேஞ்ச் ஆஃபர்தான் என்றால், டெலிவரிக்கு முந்தைய நாளே ஜிமெயில் பாஸ்வேர்டைச் சரிபார்த்து, வீடியோவோடு வாட்ஸ்அப் பேக்கப் எடுத்து, போட்டோக்களை ஒரு கணினியிலோ பென்டிரைவிலோ போட்டுவிடுங்கள்.

கடைசியாக, பழைய போனில் கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கை நீக்கிவிட்டு, செட்டிங்ஸ் வழியாக மட்டும் ரீசெட் செய்ய வேண்டும். கணக்கை நீக்காமல் பட்டன்களை அழுத்தி ரெக்கவரி மெனுவில் அழித்தால், அடுத்து ஆன் செய்பவரிடம் அது அதே பழைய ஜிமெயில் பாஸ்வேர்டைக் கேட்டு நிற்கும். கடைக்காரர் போட்டுக் கொடுத்த ஐடி என்றால், வாங்கியவருக்கும் பயனில்லை, கொடுத்தவருக்கும் எக்ஸ்சேஞ்ச் தொகை கிடைக்காது.