வீட்டுக்காரர் வீட்டில் இருக்கிறாரா?

சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயில் நடை வாரத்தில் திங்களும் வெள்ளியும்தான் திறக்கும். விசேஷ நாட்கள் தனி. குலதெய்வம் கும்பிட வெளியூரிலிருந்து வரும் குடும்பங்களில் பல, முதல் நாள் இரவே பெரம்பலூருக்கு வந்து தங்கிவிடும். அரியலூர்ப் பக்கம் கதை வேறு. சிமென்ட் ஆலையில் சூளையை நிறுத்திப் பராமரிப்பு பார்க்கும் ‘ஷட்டவுன்’ காலத்தில் ஒப்பந்தத் தொழிலாளர்கள் கூட்டமாக வந்திறங்கி, சில வாரங்கள் இருந்துவிட்டு, வேலை முடிந்ததும் கிளம்பிவிடுவார்கள். கங்கைகொண்டசோழபுரத்துக்கு வருபவர்களோ பெரும்பாலும் தங்குவதே இல்லை. கோயிலைச் சுற்றிவிட்டு, இருட்டுவதற்குள் கும்பகோணத்துக்கோ தஞ்சாவூருக்கோ சிதம்பரத்துக்கோ போய்விடுகிறார்கள்.

பக்தர், தொழிலாளி, சுற்றுலாப் பயணி என்ற இந்த மூவருக்கும் பொதுவாகத் தேவைப்படுவது சில இரவுகளுக்குப் படுக்க ஓர் இடம். நம் நிர்வாகத்துக்குப் பழக்கமானவை இரண்டுதான்: மாத வாடகைக்கு விடும் வீடு, பலகை மாட்டிய லாட்ஜ். இரண்டுக்கும் நடுவே மாடியில் இரண்டு அறையைத் தினவாடகைக்கு விடும் வீடு ஒன்று இருக்கிறது. இத்தனை நாள் அதை யாரும் கண்டுகொள்ளாமல் இருந்ததில் பெரிய கெடுதல் இல்லை. இனி அப்படி இருக்க முடியாது.

கங்கைகொண்டசோழபுரம் கோயில் 2004-லேயே யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்துவிட்டது. ஆனாலும் தஞ்சைக்குப் போகும் கூட்டத்தில் ஒரு சிறு பகுதிதான் இந்தப் பக்கம் திரும்பியது. 2025 ஜூலை 27 அன்று ஆடித் திருவாதிரை விழாவுக்குப் பிரதமர் வந்து, முதலாம் ராஜேந்திரனின் நினைவு நாணயத்தை வெளியிட்ட பிறகு நிலைமை மாறத் தொடங்கியிருக்கிறது. அங்கே அருங்காட்சியகம் கட்டுவதாகவும், ராஜேந்திரன் வெட்டிய சோழகங்கம் ஏரியைச் சீரமைப்பதாகவும் மாநில அரசு அறிவித்திருக்கிறது. 2024 ஜனவரியில் கரைவெட்டி பறவைகள் சரணாலயம் ராம்சர் தலமாகியிருக்கிறது. காலையில் பறவைகள், மாலையில் கோயில் என்று திட்டமிடுபவர் நடுவில் ஓர் இரவு எங்கேயாவது தங்கித்தானே ஆக வேண்டும்?

இதில் பலரும் கவனிக்காத ஒரு முடிச்சு இருக்கிறது. மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் எழுப்பக் கூடாது. அதற்கு அப்பால் மேலும் 200 மீட்டர் வரை அனுமதி வாங்கித்தான் கட்ட வேண்டும். 2010-இல் திருத்தப்பட்ட சட்டம் இது. ஆகவே கோயிலை ஒட்டிப் பெரிய லாட்ஜ் எழும்ப வழியில்லை. அங்கே பயணிகளுக்கு என்று கிடைக்கப்போகும் கட்டில்கள், ஏற்கெனவே நிற்கும் ஊர் வீடுகளுக்குள்தான். இதை நான் குறையாகப் பார்க்கவில்லை. முறையாக நடந்தால் சுற்றுலாப் பணம் ஊர்க்காரர் கைக்கே போகும் என்பதால் இது நல்ல வாய்ப்பு.

ஆனால், முறை எது? மேலத்தெருவில் ஒருவர் தன் வீட்டு அறையைத் தினவாடகைக்கு விட நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் வாடகைச் சட்டம், எழுத்து ஒப்பந்தத்தையும் வாடகை அதிகார அமைப்பிடம் பதிவையும் கேட்கிறது. இரண்டு இரவு தங்குபவரிடம் அதை எப்படிக் கேட்பது? 1939-ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டத்தைப் பார்த்தால், பணம் வாங்கிக்கொண்டு வந்துபோகிறவர்களுக்குப் படுக்க இடம் தரும் எந்த இடமும் விடுதிதான், சாப்பாடு போட்டாலும் போடாவிட்டாலும். காலராவும் அம்மையும் திருவிழாக் கூட்டத்தோடு ஊர் ஊராகப் பயணித்த காலத்தில் எழுதியது அது. இன்றைய செயலி வழி முன்பதிவுக்கும் அப்படியே பொருந்துகிறது! வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அவர் விவரத்தைப் பதிவேற்ற வேண்டும். இது வீட்டுக்கும் பொருந்தும் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? மாநிலச் சுற்றுலாத் துறையிலும் ஹோம்ஸ்டேயாகப் பதிய வேண்டும்.

வரியில் இன்னொரு விசித்திரம். ஆண்டு வருமானம் 20 லட்சம் ரூபாயைத் தாண்டாத சிறு வீட்டுக்காரர் ஜிஎஸ்டியில் பதிய வேண்டியதில்லை. செயலி வழியாக வரும் முன்பதிவுக்கு மட்டும் வரியைச் செயலி நிறுவனமே கட்டும். பதிவு செய்த லாட்ஜுக்கு முன்பு ஓர் இரவுக்கு ஆயிரம் ரூபாய்க்கு உட்பட்ட அறைகளில் வரி கிடையாது. 2022 ஜூலையில் அந்த விலக்கு போயிற்று. இப்போது 7,500 ரூபாய் வரை 5 சதவீதம். ஆனால் ஆளுக்கு மாதம் 20,000 ரூபாய்க்குள், தொடர்ந்து 90 நாளாவது தங்கினால் வரி இல்லை. பெரம்பலூர் கல்லூரி விடுதிகளில் ஆண்டு முழுவதும் தங்கும் மாணவருக்கு இது உதவும். அரியலூரில் 25 நாள் ‘ஷட்டவுன்’ வேலைக்கு வந்த தொழிலாளி பெரிய விடுதியில் தங்கினால் அந்த விலக்கு அவருக்கு எட்டாது. யார் ஏழை என்பதை நாள் கணக்கு பார்த்துத் தீர்மானிக்க முடியுமா என்ன?

ஆக, விதிகளுக்குப் பஞ்சமில்லை. அவை எப்போது நினைவுக்கு வருகின்றன என்பதுதான் சிக்கல். மசினகுடியில் எரியும் டயரை வீசியதில் காயமடைந்த யானை 2021 ஜனவரியில் இறந்தது. அதற்குப் பிறகுதான் அங்கே அனுமதியில்லாத தங்குமிடங்களுக்குச் சீல் வைப்பது வேகம் பிடித்தது. மதுரையில் 2024 செப்டம்பரில் பெண்கள் விடுதி ஒன்றில் குளிர்சாதனப் பெட்டி வெடித்துத் தீப்பிடித்து உயிர்கள் போயின. பெண்கள் விடுதிகளுக்கான சட்டம் 2014-லேயே வந்திருந்தது. தீவிரச் சோதனை தொடங்கியது தீ அணைந்த பிறகு.

கோவையில் நடந்தது இதற்கு நேர்மாறு. 2019 ஜூனில் அங்கே ஒரு சர்வீஸ் அபார்ட்மென்டுக்கு அதிகாரிகள் சீல் வைத்தார்கள். மணமாகாத ஜோடி ஓர் அறையில் இருந்தது, இன்னோர் அறையில் மது பாட்டில்கள் இருந்தன என்பதே காரணம். திருமணமாகாத ஆணும் பெண்ணும் ஓர் அறையில் தங்குவதைத் தடுக்கும் சட்டம் எதுவும் இல்லை என்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி எம்.எஸ். ரமேஷ் அந்த ஆண்டு டிசம்பரில் சொல்லி, சீலை அகற்ற உத்தரவிட்டார். யானைக்கும் தீக்கும் பயன்பட வேண்டிய அதிகாரம், ஆளின் ஒழுக்கத்தைப் பார்க்கக் கிளம்பினால் இப்படித்தான் நீதிமன்றத்தில் தோற்கும். அதைவிடப் பெரிய நட்டம், நேர்மையாகப் பதிந்துகொள்ள நினைப்பவரும் எதற்கு வம்பு என்று ஒதுங்கிவிடுவது.

பெரம்பலூர், அரியலூர் என்ற இந்த இரண்டு மாவட்டங்களுக்கும் தேவை ஒரே ஒரு கேள்வியிலிருந்து தொடங்கும் விதி என்று நினைக்கிறேன்: வீட்டுக்காரர் அந்த வீட்டிலேயே குடியிருக்கிறாரா? மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் ஹோம்ஸ்டே திட்டம் இங்கிருந்துதான் தொடங்குகிறது. உரிமையாளர் குடும்பம் அங்கேயே வசிக்க வேண்டும்; ஒன்று முதல் ஆறு அறைகள், அதிகம் போனால் 12 கட்டில்கள். நியூயார்க் நகரமும் நெடுங்காலம் மல்லுக்கட்டிவிட்டு, 2023 செப்டம்பரில் ஏறக்குறைய இதே இடத்துக்கு வந்து சேர்ந்தது. அங்கே 30 நாளுக்குக் குறைவாக வீடு விட வேண்டுமானால் பதிவு வேண்டும். உரிமையாளர் உடனிருக்க வேண்டும். விருந்தினர் இருவருக்கு மேல் கூடாது. பார்சிலோனா இன்னும் கடுமை. சுற்றுலாவுக்கு விட்டிருக்கும் 10,101 குடியிருப்புகளின் உரிமத்தையும் 2028-க்குள் முடித்துவிடப்போவதாக அறிவித்திருக்கிறது. ஆனால், அந்த நகரத்தின் நோய் வேறு. அங்கே பயணிகளால் உள்ளூர்க்காரருக்கு வாடகை வீடு கிடைக்கவில்லை. அந்த மருந்தை ஜெயங்கொண்டத்துக்குக் கொண்டுவர வேண்டியதில்லை.

வீட்டுக்காரர் உடன் இருந்தால் பாதி விதிகள் தாமாகவே நடந்துவிடும். இரவில் சத்தம் கேட்டால் முதலில் தூக்கம் கெடுவது அவருக்குத்தான். செப்டிக் டேங்க் நிரம்பினால் நாற்றமும் அவர் வாசலில்தான். அப்படிப்பட்டவருக்கு ஒரு பக்கப் படிவமும் ஆண்டுக்கு ஒருமுறை தண்ணீர், கழிவுநீர், மின்கம்பிச் சோதனையும் போதும். தரகரோ நிறுவனமோ மொத்தமாகப் பிடித்து நடத்தும் கட்டடத்தை லாட்ஜாகவே நடத்தச் சொல்ல வேண்டும்: தீத்தடுப்பு, வணிக வரி, உரிமம் எல்லாம் சேர்த்து.

இதற்கு உடனே எழும் ஆட்சேபம் நியாயமானது. லப்பைக்குடிக்காடு, வி.களத்தூர் போன்ற ஊர்களில் வளைகுடாச் சம்பாத்தியத்தில் கட்டிய வீடுகளின் சாவி பெரும்பாலும் மாமனாரிடமோ தம்பியிடமோ இருக்கும். உரிமையாளர் இல்லை என்பதற்காக அந்த வீடுகளை ஒதுக்கலாமா? ஒதுக்க வேண்டாம். அதே ஊரில் இருக்கும் ஒருவர் பெயரை, கைப்பேசி எண்ணோடு, பொறுப்பாளராகப் பதிந்தால் போதும். அதற்கு மாற்றான சிக்கல் அரியலூரில் இருக்கிறது. அங்கே மாடியில் வீட்டுக்காரர் இருப்பார். கீழே ஒரே அறையில் பத்துப் பன்னிரண்டு தொழிலாளர்கள் ஷிப்ட் போட்டுப் படுத்திருப்பார்கள். இங்கே வீட்டுக்காரர் இருப்பது எதற்கும் உத்தரவாதம் ஆகாது. அறைக்கு இத்தனை பேர், இத்தனை பேருக்கு ஒரு கழிப்பறை என்ற கணக்கு கட்டாயம் வேண்டும். வெளிமாநிலத் தொழிலாளருக்குத் தகுந்த தங்குமிடம் தருவது ஒப்பந்தக்காரர் கடமை என்று, 2025 வரை நடப்பில் இருந்த 1979-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்லியிருக்க, அந்தச் சுமையை இருபதுக்கு இருபது அறையின் சொந்தக்காரர் தலையில் மட்டும் கட்டுவது சரியல்ல. வேலை கொடுக்கும் ஆலையும் அந்தப் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும்.

அந்தப் படிவத்தை யாரிடம் கொடுப்பது? பெரம்பலூர், அரியலூர், ஜெயங்கொண்டம் நகராட்சிகளுக்குச் சுகாதார ஆய்வாளர் இருக்கிறார். கங்கைகொண்டசோழபுரமும் சிறுவாச்சூரும் கிராம ஊராட்சிகள். இந்த இரு மாவட்டங்கள் உள்ளிட்ட 27 மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர்கள் கைக்குப் போனது. வீட்டுக்கு வீடு போய் எத்தனை கட்டில், எந்தக் கிணறு என்று எழுதுவது பல ஊராட்சிகளைச் சேர்த்துப் பார்க்கும் அலுவலரால் ஆகிற காரியமில்லை. எந்தத் தெருவில் யார் வீட்டு மாடி காலியாக இருக்கிறது என்று தெரிந்த வார்டு உறுப்பினருக்கு அது ஒரு வார வேலை. கங்கைகொண்டசோழபுரத்தில் ஐப்பசிப் பௌர்ணமி அன்னாபிஷேகத்துக்கு ஊர் நிறைய ஜனம் வருவதற்கு முன்னால், குறைந்தபட்சம் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களுக்காவது அந்தக் கணக்கை மாவட்ட ஆட்சியர் எடுத்துவிடலாம்.