லேசர் பிடிக்கும் கைக்கு உரிமம் வேண்டும்

தமிழ்நாட்டில் ஒரு வீட்டுக்கு வயரிங் செய்கிறவர் மின் உரிமம் வழங்கும் வாரியத்திடம் தகுதிச் சான்று வாங்கியிருக்க வேண்டும். பல் மருத்துவர் தன் அறையில் சிறியதொரு எக்ஸ்ரே கருவி வைப்பதென்றாலும் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தில் பதிவு செய்தாக வேண்டும். கண்ணுக்கு நாலு விரற்கடை தள்ளி, ஒரு பெண்ணின் மேலுதட்டு முடியை நீக்க, தோலைச் சுட்டுவிடக்கூடிய லேசர் ஒளியைப் பாய்ச்சுகிறவரிடம் மட்டும் ‘இதை எங்கே கற்றாய்’ என்று கேட்க ஒரு அலுவலகமும் இல்லை. லேசர் அயனியாக்கும் கதிர்வீச்சு இல்லை என்பதால் அணுசக்தி வாரியத்தின் வரம்பில் அது வராது. பியூட்டி பார்லர் மருத்துவமனை இல்லை என்பதால் மருத்துவ நிறுவனங்களை ஒழுங்குபடுத்தும் 1997ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம் அதன் படியேறுவதில்லை. ஸ்கின் கிளினிக்குகள் அச்சட்டத்தின்கீழ் பதிவாகியிருந்தாலும், பதிவாவது நிறுவனம்தான். உள்ளறையில் கருவியைக் கையில் பிடித்திருக்கும் பெண்ணின் பெயர் எந்த அரசுப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. அந்தப் பெயர் ஏற வேண்டும் என்பதே நம் நிலைப்பாடு.

கஸ்தூரி மஞ்சளும் குப்பைமேனியும் அரைத்துப் பூசிய வீடுகளிலிருந்து த்ரெடிங்குக்கும் வேக்ஸிங்குக்கும் வந்தோம். அந்தத் தொழிலை நம் ஊர்ப் பெண்கள் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றுத் தேர்ந்தார்கள். ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு அது சோறு போட்டது. நூல் தவறினால் கீறல், மெழுகு சுட்டால் இரண்டு வார எரிச்சல். அதே பார்லரில் ஒரு தடுப்பு போட்டு லேசர் அறை திறந்தபோது, பழைய தொழிலின் அடுத்த படி இது என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். அரசும் அப்படியே எடுத்துக்கொண்டது. பிழை அங்கே தொடங்குகிறது.

லேசர் எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தால் காரணம் விளங்கும். ராக்ஸ் ஆண்டர்சன், ஜான் பாரிஷ் என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள் 1983இல் ஒரு கொள்கையை முன்வைத்தார்கள். பொருத்தமான அலைநீளமும் பொருத்தமான கால அளவும் கொண்ட ஒளித்துடிப்பைப் பாய்ச்சினால், நாம் குறிவைக்கும் பகுதி மட்டும் சூடேறி அழியும், சுற்றியிருப்பது தப்பிக்கும் என்பதே அது. முடி நீக்கத்தில் அந்தக் குறி முடியிலும் வேர்ப்பையிலும் இருக்கும் மெலனின் என்ற கருநிறமி. வெளுத்த தோலில் கறுத்த முடி இருந்தால் ஒளிக்கு வழி சுலபம். நம் தோலிலோ அதே மெலனின் மேற்பரப்பிலேயே நிறைந்திருக்கிறது. வேரைத் தேடிப் போகும் வெப்பத்தைப் பாதி வழியில் தோலே வாங்கிக்கொள்கிறது. கொப்புளம், மாதக்கணக்கில் மறையாத கருந்திட்டு, சில வேளை நிரந்தர வடு என்பன அதன் விளைவு. உலகெங்கும் லேசர் நிலையங்கள் பின்பற்றும் தோல் வகைப்பாட்டை ஃபிட்ஸ்பேட்ரிக் 1975இல் தொடங்கியபோது அது வெள்ளைத் தோலுக்காகவே எழுதப்பட்டது. பழுப்பும் கறுப்பும் பின்னால் சேர்ந்தவை. இன்று ஆறு வகைகள் உள்ள அந்த வரிசையில் நம்மில் பெரும்பாலோர் பிற்பாதியில் வருகிறோம். தவறு செய்ய இடமே இல்லாத தோல் நம்முடையது.

ஆகவே 755 நானோமீட்டர் அலெக்ஸாண்ட்ரைட் லேசரா, 800க்குச் சற்று மேலே இயங்கும் டயோடா, மேல்தோலின் நிறமியை அதிகம் சீண்டாமல் ஆழத்துக்குப் போகும் 1064 நானோமீட்டர் என்டி-யாகா என்பது விலைப்பட்டியலைப் பார்த்து முடிவு செய்யும் விஷயமாக இருக்க முடியாது. ஒரு சதுர செ.மீ.க்கு எத்தனை ஜூல், துடிப்பு எத்தனை மில்லிவினாடி, குளிரூட்டல் போதுமா என்பதை ஒவ்வொருவருக்கும் தனித்தனியே முடிவு செய்ய வேண்டும். போன மாதம் ஒத்துப்போன அளவு, நடுவில் பத்து நாள் வெயிலில் ஸ்கூட்டர் ஓட்டி முகம் கறுத்தவருக்கு இந்த மாதம் ஒத்துப்போகாமல் போகலாம். மச்சத்தின் மீதும் பச்சை குத்திய இடத்திலும் சுடக் கூடாது. புருவத்துக்குக் கீழே, இமைப் பக்கம் போகவே கூடாது. முகப்பருவுக்கு என்ன மாத்திரை சாப்பிடுகிறார், பழைய காயங்கள் தழும்பாகத் தடித்தனவா என்று கேட்காமல் கருவியைத் தொடக் கூடாது.

இவற்றையெல்லாம் விட முக்கியமான ஒரு கேள்வி உண்டு. தாடையிலும் கழுத்திலும் தடித்த முடியோடு வரும் பெண்ணிடம் ‘மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா’ என்று கேட்க வேண்டும். பலருக்கு அந்த முடி சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினையின் வெளி அடையாளம். அரிதாகச் சிலருக்கு, திடீரென்று பெருகும் முடியும் கனத்துப்போகும் குரலும் ஆண்தன்மை ஹார்மோன் சுரக்கும் கட்டியின் அறிகுறி. அதை விட்டுவிட்டு முடியை மட்டும் சுட்டுக்கொண்டிருந்தால் பணமும் போகும், நோயும் வளரும். ஹார்மோன் கோளாறு உள்ள முகத்தில் லேசரே புது முடியைக் கிளப்பிவிடுவதும் உண்டு. இந்த விளைவு நம்மைப் போன்ற தெற்காசியர்களிடம் கூடுதலாகப் பதிவாகியிருக்கிறது. பேக்கேஜ் விற்கும்போது இதை எடுத்துச் சொல்கிறவர்கள் எத்தனை பேர்?

எல்லா முடியும் ஒரே சமயத்தில் வளர்வதில்லை. வளரும் பருவத்தில் இருக்கும் முடியைத்தான் லேசர் அழிக்கும். அதனால் நாலு முதல் எட்டு வார இடைவெளியில் ஆறு, எட்டு செஷன் ஆகும். அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் கருவி நிறுவனங்களுக்குக் கொடுத்திருக்கும் அனுமதி, நிரந்தரமாக முடி குறையும் என்று சொல்வதற்கு மட்டுமே. நம் ஊர் விளம்பரப் பலகைகளோ நிரந்தரமாக ஒழியும் என்கின்றன. அதை நம்பி முகூர்த்தத்துக்கு ஒரு மாதம் முன்னால் வந்து நிற்கும் கல்யாணப் பெண்ணுக்கு அவசர அவசரமாக அளவைக் கூட்டிச் சுடுகிறார்கள். அதன் விளைவைத் தை, ஆவணி முகூர்த்த மாதங்களில் தோல் மருத்துவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

மரத்துப்போகப் பூசும் களிம்பும் சாதாரணமில்லை. அமெரிக்காவில் 22, 25 வயதுப் பெண்கள் இருவர், லேசர் வலி தெரியாமலிருக்கக் கால் முழுக்க அதைப் பூசி, மேலே பிளாஸ்டிக் உறை சுற்றினார்கள். மருந்து ரத்தத்தில் ஏறி, வலிப்பு வந்து, நினைவிழந்து, இருவரும் இறந்துபோனார்கள். 2007இல் அந்நாட்டு உணவு மற்றும் மருந்து நிர்வாகம் பொது எச்சரிக்கையே வெளியிட்டது. எவ்வளவு பூசலாம், எத்தனை நேரம் விடலாம் என்பதும் டெக்னீஷியன் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய பாடம்தான்.

இத்தனையும் தெரிய வேண்டிய வேலைக்கு இன்று கிடைக்கும் பயிற்சி என்ன? சில நாள் வகுப்பு, பளபளக்கும் சான்றிதழ், வேலை உறுதி என்ற வாக்குறுதி. பல இடங்களில் கருவி விற்ற நிறுவனத்தின் ஆள் ஒரு மத்தியானம் வந்து பொத்தான்களைக் காட்டிவிட்டுப் போவதே பயிற்சி. கட்டணம் கட்டச் சங்கிலியை அடகு வைத்துவிட்டு வரும் பெண்களுக்கு அந்தச் சான்றிதழின் மதிப்பு என்னவென்று சொல்ல யாருமில்லை. பட்டறைகளில் வேடிக்கை பார்ப்பதும் யூடியூப் பார்ப்பதும் அழகுச் சிகிச்சைகளுக்குப் போதிய பயிற்சி ஆகாது என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் முடிமாற்று சிகிச்சை நெறிமுறையில் சொன்னது. மருத்துவர்களுக்கே அப்படி எழுத வேண்டிய நிலை என்றால், பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு ஒரு வாரத்தில் கருவி பிடிக்கும் பெண்ணின் நிலையை நினைத்துப் பார்க்கலாம்.

அவளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற நாம் இதை எழுதவில்லை. அவளும் பாதிக்கப்படுகிறவள்தான். எரியும் முடியின் புகையில் பென்சீன், டொலுயீன் போன்ற நச்சுகள் இருப்பதை 2016இல் அமெரிக்கத் தோல் மருத்துவ ஆய்விதழ் ஒன்றில் வந்த ஆய்வு காட்டியது. வாடிக்கையாளருக்கு அது ஒரு நாள், அரை மணி நேரம். காற்றோட்டமில்லாத ஏசி அறையில் நாள் முழுக்க அந்தப் புகையைச் சுவாசிக்கிறவள் அவள். அந்தக் கருவியின் அலைநீளத்துக்கென்றே செய்த கண்ணாடி அணியாவிட்டால், தெறிக்கும் ஒளி அவள் விழித்திரையையும் எரிக்கும். யாருக்காவது முகம் வெந்துபோனால் முதலில் வேலை போவது அவளுக்கு. முதலாளியின் பெயர்ப்பலகை அப்படியே இருக்கும்.

மருத்துவர்கள் தரப்பில் ஒரு பதில் உண்டு: லேசரைத் தோல் மருத்துவர் தவிர யாரும் தொடக் கூடாது என்று சட்டம் போடுங்கள். கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால், இன்று மருத்துவர் நடத்தும் கிளினிக்குகளிலேயே கருவியை நாள் முழுக்கப் பிடிப்பது பெரும்பாலும் உதவியாளர்கள்தான். தோல் மருத்துவர்கள் நகரங்களில் குவிந்திருக்கிறார்கள். ஒரு சின்ன ஊரில் இரண்டு கால்களுக்கு ஒரு மணி நேரம் லேசர் பாய்ச்ச மருத்துவர் உட்கார்ந்திருக்கப் போவதில்லை. தடை வந்தால் கருவி பார்லரின் முன்னறையிலிருந்து பின்னறைக்குப் போகும், கட்டணம் ஏறும், பொறுப்பு இன்னும் மங்கும். முகமுடியை நீக்குவது அன்றாடப் பாதுகாப்போடு சேர்ந்த விஷயமாக இருக்கும் திருநங்கையர்தான் அந்தப் பின்னறைக்கு முதலில் தள்ளப்படுவார்கள். 2008இலேயே அவர்களுக்கு நல வாரியம் கண்ட மாநிலம் இதை மறந்துவிடக் கூடாது. மருத்துவர் நோயறிந்து அனுமதிக்க வேண்டும், பயிற்சி பெற்று உரிமம் வாங்கிய டெக்னீஷியன் சிகிச்சை செய்ய வேண்டும். நடைமுறைக்கு ஒத்த வழி இதுதான்.

வழிகாட்ட முன்மாதிரிகள் இருக்கின்றன. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம் 2009இல் தனிச் சட்டமே இயற்றியது. அங்கே டெக்னீஷியன் ஆக 40 மணி நேரப் படிப்பும், மேற்பார்வையில் செய்த 100 சிகிச்சைகளும் வேண்டும். அதற்கு முந்தைய நிலையில் இருப்பவர் பயிற்சி மாணவர் மட்டுமே. நிலையத்துக்குத் தனி உரிமம் தேவை, ஆலோசனை மருத்துவர் ஒருவரோடு ஒப்பந்தமும் தேவை. இங்கிலாந்து இதற்கு நேர்மாறாகப் போனது. லேசர் முடி நீக்க நிலையங்கள் சுகாதார ஆணையத்தில் பதிவு செய்ய வேண்டும் என்ற கட்டாயத்தை 2010 அக்டோபரில் நீக்கியது. பன்னிரண்டு ஆண்டு கழித்து, அழகுச் சிகிச்சைகளுக்கு உரிமம் கொண்டுவரும் அதிகாரத்தை 2022ஆம் ஆண்டுச் சட்டத்தில் எழுதிக்கொண்டது. நாம் எந்த வழியில் போக வேண்டும் என்பதற்கு வேறு ஆய்வு தேவையில்லை.

தமிழ்நாடு அரசு செய்ய வேண்டியவை புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியவை இல்லை. 1997ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்தி, லேசர் கருவி இயங்கும் எந்த இடமும், அது பார்லரோ ஸ்பாவோ, பதிவு செய்தாக வேண்டும் என்று ஆக்கலாம். அரசு மருத்துவக் கல்லூரிகளின் தோல் துறைகளில் மூன்று மாதச் சான்றிதழ் படிப்பு தொடங்கலாம். பாதிக் காலம் பாடம், பாதிக் காலம் மேற்பார்வையில் நேரடிச் சிகிச்சை. கட்டணம் ஏழைப் பெண்ணுக்கு எட்டும் அளவில் இருக்க வேண்டும். ‘நான் முதல்வன்’ போன்ற திறன் வளர்ப்புத் திட்டங்கள் இருக்கும்போது இதற்கு நிதியில்லை என்று சொல்ல முடியாது. ஏற்கெனவே தொழிலில் இருப்பவர்களை ஒரே நாளில் வெளியே தள்ளக் கூடாது. இரண்டு ஆண்டு அவகாசம் தந்து, செய்முறைத் தேர்வு வைத்து, தேறியவர்களுக்கு உரிமம் தரலாம். பலர் அனுபவத்தில் நன்றாகவே கற்றிருப்பார்கள். அந்த அனுபவத்துக்கு அரசு முத்திரை கிடைத்தால் அவர்கள் சம்பளமும் உயரும். சின்ன பார்லர்களுக்கு இது சுமை என்ற வாதம் வரும். சில லட்சம் கொடுத்துக் கருவி வாங்க முடிந்தவருக்கு ஒருவரைப் பயிற்சிக்கு அனுப்புவது தாங்க முடியாத செலவாகாது.

ஒவ்வொரு செஷனுக்கும் எந்தக் கருவி, என்ன அலைநீளம், எத்தனை ஜூல், கையாண்டவர் யார் என்று எழுதிய சீட்டு வாடிக்கையாளர் கையில் தரப்பட வேண்டும் என்பதையும் விதியாக்க வேண்டும். இன்று முகம் வெந்த ஒரு பெண் நுகர்வோர் ஆணையத்துக்குப் போனால் அவளிடம் இருப்பது பணம் கட்டிய ரசீது மட்டும்.

திருச்சியில் பச்சை குத்தும் கடையில் நாக்கைப் பிளந்த விவகாரம் 2024 டிசம்பரில் வெளியே வந்த பிறகுதான் கைதும் சீல் வைப்பும் நடந்தன. லேசர் விஷயத்திலும் ஓர் இளம்பெண்ணின் கண் போகும்வரை, அல்லது உயிரே போகும்வரை காத்திருக்கத் தேவையில்லை. மக்கள் நல்வாழ்வுத் துறை அடுத்த சட்டமன்றக் கூட்டத் தொடரிலேயே இந்தத் திருத்தத்தைக் கொண்டுவர வேண்டும். அதுவரை, லேசர் நாற்காலியில் உட்காரும் ஒவ்வொருவரும் முதலில் ஒரு தோல் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். சிறு இடத்தில் சோதித்துப் பார்க்காமல் முழுச் சிகிச்சை தொடங்கவும், கருவி, அளவு விவரங்களை எழுத்தில் தர மறுக்கும் இடத்தில் பணம் கட்டவும் சம்மதிக்காதீர்கள்.