12 வோல்ட்தானே என்று எண்ணாதிருங்கள்



சொந்த ஊரை விட்டுப் பெருநகரத்திற்கு வந்து, பல ஆண்டுகள் வாடகை கொடுத்து, கடைசியில் கடன் வாங்கி ஒரு சிறிய வீட்டை நமதாக்கிக் கொள்கிறோம். நவி மும்பையில் எங்களுக்குப் பழக்கமான ஒரு குடும்பத்தார் அவ்வாறு வாங்கிய பழைய அடுக்குமாடி வீட்டில், கூடத்தின் ஃபால்ஸ் சீலிங்கினுள் நான்கு ஹாலோஜன் விளக்குகளைப் பதித்து, ஒளியைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு டிம்மரும் வைக்க விரும்பினார்கள். வேலைக்கு வந்தவர், "இது வெறும் 12 வோல்ட், அண்ணாச்சி. ஷாக் அடிக்காது. மெல்லிய வயரே போதும்" என்று சொல்லி முடித்துக் கொடுத்தார். மூன்றாம் மாதம் ஒரு விளக்கைச் சுற்றிலும் கூரையில் பழுப்பு வட்டம் தோன்றியது. கழற்றிப் பார்த்தபோது வயரின் மேலுறை உருகி, இணைப்பு கரிந்து போயிருந்தது. அதன் நேர் கீழேதான் பிள்ளைகள் இரவில் படுத்துறங்கினார்கள்.

வந்தவர் சொன்னதில் பாதி உண்மை. 12 வோல்ட் ஆளைத் தாக்காது. ஆனால் வீட்டைக் கொளுத்த அதனால் முடியும். கணக்கைக் கவனியுங்கள். 35 வாட் விளக்குகள் நான்கு எரிய 140 வாட் வேண்டும். 230 வோல்ட்டில் அதற்கு ஏறக்குறைய 0.6 ஆம்பியர் மின்னோட்டம் போதும். 12 வோல்ட்டிலோ 11.7 ஆம்பியர் ஓடியாக வேண்டும். வயரையும் இணைப்பையும் சூடாக்குவது இந்த மின்னோட்டமே. டிரான்ஸ்ஃபார்மருக்கு அப்பால் தளர்ந்த ஓர் இணைப்பு சூடேறினால், பலகையிலுள்ள எம்.சி.பி. அதை அறியாது, அதன் பக்கம் மின்னோட்டம் மிகுவதில்லை அல்லவா?

வயர் மெல்லியதாயின் ஒளியும் குன்றும். 1 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரை 5 மீட்டர் தூரம் இழுத்து நான்கு விளக்குகளையும் எரித்தால், வழியிலேயே ஏறக்குறைய 2 வோல்ட் குறைந்துபோகும். 230 வோல்ட்டில் 2 வோல்ட் குறைவது தெரியாது. 12 வோல்ட்டில் அது ஒளியைப் பாதியளவுக்குக் குறைத்துவிடும். ஆகையால் 230 வோல்ட் வயரை விளக்கின் அருகே வரை கொண்டுசென்று, விளக்குக்கு ஒன்றாகச் சிறிய டிரான்ஸ்ஃபார்மர் வைப்பதே நலம். எலக்ட்ரானிக் டிரான்ஸ்ஃபார்மராயின், விளக்குக்குச் செல்லும் வயர் பெரும்பாலும் 2 மீட்டருக்குள் இருக்க வேண்டும். அதன் மேலேயே அந்த அளவு அச்சிட்டிருக்கும்.

அடுத்தது வெப்பம். ஒளியை முன்னே அனுப்பி வெப்பத்தைப் பின்னே தள்ளும் கண்ணாடிக் குவளையுள்ள விளக்குகள், கீழே நிற்பவருக்குக் குளிர்ச்சியாகத் தோன்றும். கூரையின் உட்புறமோ கொதிக்கும். விளக்கைச் சுற்றிக் காற்றோட்டத்திற்கு இடம் விடுங்கள். டிரான்ஸ்ஃபார்மரை விளக்கின் மேலே வைக்காதிருங்கள். வெப்பந்தாங்கும் பீங்கான் ஹோல்டரையே கேட்டு வாங்குங்கள். மூடியில்லாத விளக்கின் உட்குமிழை வெறுங்கையால் தொடலாகாது. விரலின் எண்ணெய்ப் பசை சூட்டில் படிந்து குமிழைக் கெடுத்துவிடும். மேலும், ஊசிபோன்ற இரு முனைகளுள்ள விளக்கு 12 வோல்ட்டுக்குரியது. தடித்த முனைகளோடு திருகிப் பொருத்துவது 230 வோல்ட்டுக்குரியது. வாங்கும்போதே இதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

டிம்மரைப் பொருத்தவரை, மின்விசிறியின் ரெகுலேட்டரையே விளக்குக்கும் மாட்டிவிடும் வழக்கம் உண்டு. அது வேண்டாம். கம்பிச் சுருள் டிரான்ஸ்ஃபார்மருக்கு ஒருவகை டிம்மர், எலக்ட்ரானிக் டிரான்ஸ்ஃபார்மருக்குப் பெரும்பாலும் வேறுவகை. டிம்மரோடு இயங்கும் என்று டிரான்ஸ்ஃபார்மரின் மேல் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். பொருந்தாத சோடியானால் விளக்கு சிமிட்டும், டிரான்ஸ்ஃபார்மர் ரீங்காரமிடும், இறுதியில் இரண்டிலொன்று எரிந்துபோகும். ஒளியைப் பாதியாக்கினால் மின்செலவும் பாதியாகும் என்றும் எண்ண வேண்டாம்; ஏறக்குறைய முக்கால் பங்கு செலவாகவே செய்யும். எப்போதும் மங்கலாகவே எரிந்தால் குமிழின் உட்புறம் கறுக்கக்கூடும். இடையிடையே சிறிது நேரம் முழு ஒளியில் எரிய விடுங்கள்.

இன்று கடைகளில் எல்.இ.டி. விளக்குகளே நிறைந்திருக்கின்றன. 35 வாட் ஹாலோஜன் தரும் ஒளியை 5 வாட் எல்.இ.டி. தந்துவிடும். நான்கிற்கும் சேர்த்து 20 வாட். மின்னோட்டம் 2 ஆம்பியருக்கும் குறைவு. புதிதாக அமைப்பவர்களுக்கு இதுவே சிறந்த வழி. ஆனால் பழைய டிரான்ஸ்ஃபார்மரில் விளக்கை மட்டும் மாற்றினால் ஏமாற்றமே மிஞ்சும். "50 முதல் 150 வாட்" என்று அச்சிட்ட டிரான்ஸ்ஃபார்மருக்கு 20 வாட் போதாது. விளக்கு சிமிட்டும், அல்லது எரியவே எரியாது. விளக்கு, டிரைவர், டிம்மர் ஆகிய மூன்றையும், ஒன்றோடொன்று பொருந்துமா என்று கேட்டறிந்து சேர்த்தே மாற்றுங்கள்.

நவி மும்பைக் குடும்பத்தார் அப்படியே செய்தார்கள். உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனை அழைத்து, மெயினை அணைத்து, கரிந்த வயர் முழுவதையும் அகற்றினார்கள். உங்கள் வீட்டுக் கூரையிலும் பழுப்பு வட்டமோ, கருகிய வாடையோ, ரீங்காரமோ தென்பட்டால் நாளைக்கென்று தள்ளிப்போடாதிருங்கள். முதலில் அந்தச் சுவிட்சை அணைத்து வையுங்கள். தகுந்தவர் வந்து கூரையைத் திறந்து பார்க்கும்வரை அதைப் போடவும் வேண்டாம்.