சுரண்டிய சாலை எங்கே போகிறது?

போன வாரம் எங்கள் தெருவில் பழைய சாலையை இயந்திரம் வைத்துச் சுரண்டிவிட்டுப் புதிதாகப் போட்டார்கள். மகிழ்ச்சி. சாலை மேல் சாலை போட்டு வீட்டு வாசல்களைப் பள்ளமாக்கியது போதும். சுரண்டிய பிறகே போட வேண்டும் என்று 2021இல் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு அறிவுறுத்தியது நினைவிருக்கும்.

ஆனால் சுரண்டிய குவியலில் பாதி, பக்கத்துக் காலி மனையைத் தூர்க்கப் போனது. அதைப் பார்த்துத்தான் மனம் கேட்கவில்லை. அது குப்பை இல்லை. நல்ல ஜல்லி, அதோடு எடையில் நூற்றுக்கு நாலைந்து பங்கு தார். 100 டன்னில் நாலைந்து டன்! (தார் என்பது பேச்சு வழக்கு. உண்மையில் அது பிட்டுமன், கச்சா எண்ணெயைக் காய்ச்சி வடித்தபின் அடியில் தங்குவது. வாத்தியார் புத்தி, சொல்லாமல் இருக்க முடியவில்லை.)

மறுபடி பயன்படுத்தலாமே என்றால், "புதுத் தாரோடு போட்டால் கலந்துவிடும்" என்கிறார்கள். அங்கேதான் எனக்கு உடன்பாடில்லை. வெயிலிலும் காற்றிலும் கிடந்த பிட்டுமன் ஆக்சிஜன் ஏறி இறுகிப்போயிருக்கும். பாகில் போட்ட பழைய வெல்லக்கட்டி மாதிரி மேல்புறம் இளகும், உள்ளே கட்டியாகவே நிற்கும். எவ்வளவு இளகும் என்பது சூட்டையும், கலக்கும் நேரத்தையும், பழையதன் பங்கையும் பொறுத்தது. முழுவதும் கலந்ததாகக் கணக்கு வைத்துப் புதுத் தாரைக் குறைத்தால் ஒட்டுப் போதாமல் ஜல்லி பெயரும். பழையதை வெறும் கல்லாக நினைத்துத் தாரை அள்ளி ஊற்றினால் சித்திரை வெயிலில் சக்கரத் தடம் பள்ளமாக விழும்.

பழையதை நேரே நெருப்பில் காட்டவும் முடியாது, கருகும். புது ஜல்லியைக் கூடுதலாகச் சூடேற்றி, அந்தச் சூட்டில்தான் இதை இளக்க வேண்டும். மழையில் நனைந்த குவியல் என்றால் பாதிச் சூட்டை ஈரமே தின்றுவிடும். ஒரு கொட்டகை போடக்கூடவா காசில்லை? இறுக்கம் தளர்த்தும் எண்ணெய்களும் இருக்கின்றன. இந்திய சாலைக் காங்கிரஸ் 2015லேயே இதற்கென ஒரு வழிகாட்டி நூல் வெளியிட்டிருக்கிறது. வழிமுறை இல்லை என்று யாரும் சாக்குச் சொல்ல முடியாது.

அடுத்த பகுதி சபைக் கூட்டத்தில் மூன்று கேள்வி கேட்கப் போகிறேன். சுரண்டியது எத்தனை டன், எங்கே போனது, அதிலிருந்த பழைய தாரைப் பிரித்துச் சோதித்தார்களா? உங்கள் வார்டிலும் கேட்டுப் பார்த்து, வந்த பதிலைக் கீழே எழுதுங்கள்.