உச்சிவேளையும் தென்திசையும்

(மூன்றாம் ஆண்டு, வரலாறு)

திசைகளுக்குக் குணம் கிடையாது என்றே நாம் எண்ணுகிறோம். வடக்கு என்றால் வடக்கு, தெற்கு என்றால் தெற்கு; இதில் உயர்வென்ன, தாழ்வென்ன? ஆனால், திசையைக் காட்டப் பிறந்த ஒரு சொல்லே மக்களை மட்டந்தட்டும் சொல்லாக மாறிய வரலாறு உண்டு. 'தெற்கத்திய' என்ற பொருளில் ஐரோப்பிய மொழிகளில் வழங்கும் 'மெரிடியோனல்' என்பதே அச்சொல்.

இதன் தாய், 'மெரிடியேஸ்' என்ற இலத்தீன் சொல். 'மெடியுஸ்' என்றால் நடு. 'டியேஸ்' என்றால் நாள். இரண்டும் சேர்ந்து நண்பகல் ஆயிற்று. முதலில் 'மெடிடியேஸ்' என்றே வழங்கிப் பின்னர்தான் டகர ஒலி ரகரமாகத் திரிந்தது. கி.மு. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த உரோமானிய அறிஞர் வர்ரோ, பிரனெஸ்தே என்ற ஊரின் சூரியக் கடிகாரத்தில் அந்தப் பழைய வடிவம் செதுக்கப்பட்டிருந்ததைத் தாமே கண்டதாகக் குறித்திருக்கிறார். நம் தேர்வு அட்டவணையில் வரும் ஏ.எம்., பி.எம். என்ற எழுத்துகளுக்குள் ஒளிந்திருப்பதும் இச்சொல்தான்: நண்பகலுக்கு முன், நண்பகலுக்குப் பின்.

நண்பகல் எப்படித் தெற்கு ஆயிற்று? உரோம் நகரம் கடகரேகைக்கு வெகு வடக்கே உள்ளது. அங்கே ஆண்டின் எந்த நாளிலும் கதிரவன் தலைக்கு நேர் மேலே வருவதில்லை. உச்சிவேளையில் தென்வானில்தான் நிற்கும். ஆகவே நண்பகலின் பக்கம் தென்பக்கம் ஆயிற்று. பிரெஞ்சு மொழியில் 'மிதி' என்றாலும், இத்தாலிய மொழியில் 'மெட்ஸோஜோர்னோ' என்றாலும் நண்பகல் என்றும் பொருள், அந்நாட்டின் தென்பகுதி என்றும் பொருள். வடக்கைக் குறித்த இலத்தீன் சொல்லோ ஏழு உழவு எருதுகளைச் சுட்டுவது. நாம் சப்தரிஷி மண்டலம் என்னும் ஏழு விண்மீன்களே அந்த எருதுகள். வானத்தைப் பார்த்து வைத்த இப்பெயர்களில் குற்றம் ஏதும் இல்லை.

குற்றம் பின்னால் வந்தது. 1748-இல் மாந்தெஸ்கியூ சட்டங்களைப் பற்றிய தம் பெருநூலில், குளிர்நாட்டார் ஊக்கமுடையவர், வெப்பநாட்டார் சோம்பல் மிக்கவர் என்று வாதிட்டார். திசை அத்தோடு குணமாயிற்று. பிரான்சில் 'மெரிடியோனல்' என்றால் வாய்ச்சவடால்காரர் என்ற எண்ணம் பரவியது. 1872-இல் அல்ஃபோன்ஸ் தோதே எழுதிய நாவலின் நாயகன் தர்தரேன், சிங்க வேட்டை என்று வீரம் பேசித் திரியும் தென்னாட்டான். தோதேயும் தெற்கே நீம் நகரில் பிறந்தவரே! நகைச்சுவை நகைச்சுவையோடு நின்றிருந்தால் நானும் சிரித்துவிட்டுப் போவேன்.

இத்தாலியில் அது நிற்கவில்லை. 1861-இல் அந்நாடு ஒன்றுபட்டபோது தெற்கே பெரும்பகுதி நிலம் பெரும் பண்ணையார்களின் கையில் இருந்தது. உழுதவனுக்கு நிலம் இல்லை. இலட்சக்கணக்கானோர் பிழைப்புத் தேடி அமெரிக்க நாடுகளுக்குக் கப்பலேறினர். இந்த வறுமைக்குக் காரணம் என்ன என்று கேட்டபோது, நிலத்தைக் காட்டவேண்டிய சிலர் மனிதனைக் காட்டினார்கள். அல்ஃப்ரெதோ நிசெஃபோரோ என்ற சமூகவியலார் 1898-இல் வெளியிட்ட நூலில், தென்னாட்டார் இனத்தாலேயே பின்தங்கியவர்கள் என்றார். அவரும் சிசிலித் தீவினரே என்பதுதான் வேதனை.

சார்தீனியாவில் பிறந்த அந்தோனியோ கிராம்ஷி, 1926-இல் 'தெற்குப் பிரச்சினை' பற்றி எழுதிய கட்டுரையில் இந்தப் பொய்யைத் தோலுரித்தார். தெற்கு நம் காலில் கட்டிய இரும்புக்குண்டு என்று வடக்கின் தொழிலாளிக்கு ஓதப்பட்டதை அவர் எடுத்துக்காட்டினார். கட்டுரை முடியும் முன்பே அந்த ஆண்டு நவம்பரில் அவர் கைதானார். தெற்கின் வளர்ச்சிக்கென்று தனி நிதியமைப்பை அரசு நிறுவியது 1950-இல்தான்.

"சொல்லில் என்ன இருக்கிறது?" என்று நண்பர்கள் கேட்கலாம். சொல்லில் ஒரு சாக்கு இருக்கிறது என்பது என் துணிபு. 'இவர்கள் உச்சிவெயில் நாட்டார், இப்படித்தான் இருப்பார்கள்' என்று சொல்லிவிட்டால், நிலம் யாரிடம் இருக்கிறது என்ற கேள்வி எழாது. பழியைக் கதிரவன் சுமந்துகொள்ளும்.

அந்தக் கதிரவனும் எல்லா ஊரிலும் உரோமில் நிற்பதுபோல் நிற்பதில்லை. தென்னமெரிக்காவை ஐரோப்பியர் தம் பழைய நிலப்படங்களில் 'மெரிடியோனல் அமெரிக்கா' என்றார்கள். ஆனால் அங்குள்ள புவேனோஸ் ஐரிஸ் நகரில் நண்பகல் கதிரவன் வடவானில் நிற்கும். நம் சென்னையிலும் ஏப்ரல் கடைசி முதல் ஆகஸ்ட் நடுப்பகுதிவரை உச்சிவேளைக் கதிரவன் சற்று வடக்கேதான்.

நம் சொற்களும் இப்படிப்பட்டவையே. 'தக்காணம்' என்பது 'தட்சிண' என்ற வடசொல்லின் வழி வந்தது. அதற்கு வலப்பக்கம் என்பது பொருள். கிழக்கு நோக்கி நின்ற ஒருவனுக்கே தெற்கு வலப்பக்கம். மேற்கு மேடு, கிழக்கு கீழ்ப்பகுதி என்று நம் திசைச் சொற்களுக்குக் கால்டுவெல் விளக்கம் தந்தார். மலைக்கு அப்பால் கேரளத்தில் நிலம் கிழக்கேதான் உயர்கிறது. ஆயினும் மலையாளத்திலும் கிழக்கு கிழக்கே! ஒவ்வொரு திசைச்சொல்லும் யாரோ ஒருவர் எங்கோ நின்று சொன்னது.

ஆகவே, நூல்களைப் பயிலும் நாம், 'தெற்கத்தியார் இப்படி, வடக்கத்தியார் அப்படி' என்று படிக்கும்போதெல்லாம், ஏன், நாமே விடுதியில் அப்படிப் பேசும்போதும், இரண்டு கேள்விகளைக் கேட்டுப் பழகவேண்டும். சொல்பவர் எங்கே நின்று சொல்கிறார்? அப்படிச் சொல்வதால் எந்த உண்மை மறைகிறது? திசை வழிகாட்டட்டும்; மனிதரை எடைபோடும் வேலை அதற்கு வேண்டாம்.