சிட்டுக்குருவியும் சரவெடியும்

ஆண்டுதோறும் ஜனவரி 17ஆம் நாள் வனத்து அந்தோணியார் திருவிழாவைக் கொண்டாடுகிறோம். ஆடுமாடுகளைக் குளிப்பாட்டிப் பொட்டிட்டு ஆலய முற்றத்திற்கு ஓட்டிச் சென்று, குருவானவரின் கையால் தீர்த்தம் தெளிக்கப்பெற்று மகிழ்கிறோம். அன்றிரவே சப்பரத்தின் முன்னே அதிர்வேட்டும் சரவெடியும் முழங்க, காலையில் ஆசீர் பெற்ற அதே மாடுகள் தும்பை அறுத்துக்கொண்டு ஓடுகின்றன. கால்நடைகளின் பாதுகாவலருக்கு நாம் செலுத்தும் வணக்கம் இதுதானா?

கந்தக பூமியில் பிறந்த நமக்கு வெடிச்சத்தம் பழகிவிட்டது. விலங்குகளுக்கோ அது பழகுவதே இல்லை. மனிதச் செவி நொடிக்கு 20,000 அதிர்வுகள்வரை கேட்கும். நாயின் செவி ஏறத்தாழ 45,000வரை கேட்கும். நான்கு மீட்டர் தொலைவில் 125 டெசிபல்வரை ஒலிக்கச் சட்டம் இடங்கொடுக்கும் வெடி, அந்தச் செவியில் எப்படி விழும் என்று எண்ணிப் பாருங்கள். அடைந்திருக்கும் பறவைகள் கூட்டைவிட்டு இருளில் எழும்புகின்றன. திசையறியாது மோதி விழுகின்றன. இரண்டு குருவிகளில் ஒன்றுகூடத் தந்தையின் கண்ணுக்குத் தப்பித் தரையில் விழுவதில்லை என்று ஆண்டவர் உரைத்ததை நாம் மறையுரையில் கேட்டு, வாசலில் மறந்துவிடுகிறோம்.

"சிவகாசியும் சாத்தூரும் வெம்பக்கோட்டையும் பட்டாசை நம்பித்தானே உலை வைக்கின்றன?" என்று கேட்பார்கள். உண்மை, அந்த உலையை அணைக்க யாரும் சொல்லவில்லை. மத்தாப்பும் புஸ்வாணமும் தரைச்சக்கரமும் அதே கைகள் செய்பவைதாம். ஒளி வேண்டுமானால் ஒளியை வாங்குவோம். பேரோசையை ஏன் பக்தி என்று அழைக்க வேண்டும்? சரவெடிக்கு 2018இல் உச்ச நீதிமன்றம் தடை விதித்துவிட்டது. நம் பவனிகளுக்கு மட்டும் அந்தத் தீர்ப்பு எட்டவில்லை போலும்!

"மனிதர் கருகிச் சாகும் மண்ணில் மாட்டுக்கும் குருவிக்கும் அழுவதா?" என்பது அடுத்த கேள்வி. 2012 செப்டம்பர் 5ஆம் நாள் முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்களை ஒரே விபத்தில் பறிகொடுத்த மண் இது. ஆகவே இக்கேள்வியை எளிதாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் தொழிலாளியின் உயிரைத் துச்சமாக எண்ணும் மனமும் வாயற்ற உயிரின் நடுக்கத்தைப் பார்த்துச் சிரிக்கும் மனமும் இரண்டல்ல. எந்த உயிரிடத்தும் காட்டும் கொடுமை இறுதியில் மனிதரிடத்தும் திரும்பும் என்று மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் 'இறைவா, உமக்கே புகழ்' மடலில் எச்சரித்தார். விலங்குகளைத் தேவையின்றி வதைப்பது மனித மாண்புக்கே முரணானது என்கிறது திருச்சபையின் மறைக்கல்வி (எண் 2418). மனிதத் துயர் துடைக்க வேண்டிய பணத்தை விலங்குகளுக்காக விரயமாக்கலாகாது என்றும் அதே எண்ணில் படிக்கிறோம். நன்று! அந்தப் பணத்தை வெடியாய்க் கொளுத்துவது மட்டும் தகுமா?

சட்டத்தை நம்பி இருக்கவும் இயலாது. 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி முதன்முறை குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய்வரைதான்! வெடியின் கொடுமை ஓசையோடு நின்றுவிடுவதும் இல்லை. காட்டுப்பன்றிக்கென உணவுக்குள் வெடிமருந்தை மறைத்து வைக்கும் அவுட்டுக்காய், மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரங்களில் யானைகளின் வாயையும் சிதைக்கிறது. பாலக்காடு மாவட்டத்தில் அவ்வாறு வாய் சிதைந்த கருவுற்ற யானை ஒன்று, 2020 மே மாதத்தில் ஆற்றுநீரில் நின்றபடியே உயிர்விட்டதை நாடே கண்டு கலங்கியது.

நல்வழி காட்ட நம் பக்கத்திலேயே ஊர்கள் உள்ளன. 1985வரை நம்மோடு ஒரே இராமநாதபுரம் மாவட்டமாக இருந்த சிவகங்கைச் சீமையில், திருப்பத்தூர் அருகே வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயம் இருக்கிறது. நத்தைகுத்தி நாரையும் கரண்டிவாயனும் கூடு கட்டும் அந்தக் கண்மாய்களை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டி மக்கள், பல பத்தாண்டுகளாகத் தீபாவளியன்றுகூட வெடி வெடிப்பதில்லை. அவர்களும் பிள்ளைகளைப் பெற்றவர்கள்தாம். அந்தப் பிள்ளைகளுக்கும் வெடிமீது ஆசை உண்டு. விருந்துக்கு வந்த பறவையை விரட்டலாகாது என்னும் ஒரே எண்ணம் அந்த ஆசையை வென்றிருக்கிறது.

அசிசியின் பிரான்சிசையும் வனத்து அந்தோணியாரையும் பீடத்தில் ஏற்றி வைத்திருக்கும் நமக்கு அத்துணை இயலாதா? அடுத்த கொடியேற்றத்துக்கு வரவு செலவு எழுதும்போது, 'வேட்டு' என்னும் வரியைப் பங்குப் பேரவை அடித்துவிடட்டும். செபமாலையும் பாடலும் விளக்கொளியும் சூழப் புனிதர் வீதிவலம் வரட்டும். புனிதர் ஒருவரும் அதனால் குறைந்துபோக மாட்டார். தொழுவத்து மாடும் அன்றிரவு நிம்மதியாய் அசைபோடும்.