மாணாக்கர் உழைப்பும் ஊராரும்

நமது பள்ளிக்கூடங்களில் "செயல்திட்டம்" என்னும் பெயரால் நடந்துவரும் காரியத்தை அறியாத பெற்றோர் இரார். அட்டை வாங்குவதும், படம் ஒட்டுவதும், சில வீடுகளில் தாய்தந்தையரே இரவு கண்விழித்து முடித்துக் கொடுப்பதும் யாவரும் கண்டவையே. உபாத்தியாயர் மதிப்பெண் இட்டதும் அவ்வட்டை அலமாரியின் மேல் போய்ச் சேருகிறது. அதைப் படிப்பவர் ஒருவரே. அவரும் கடமைக்காகப் படிப்பவர். இவ்வுழைப்பினால் பிள்ளைகளுக்கு விளையும் பயன் யாது?

ஐக்கிய அமெரிக்காவில் நடந்த ஒரு விஷயம் இங்கே கவனிக்கத்தக்கது. கான்ஸாஸ் மாகாணத்தில் யூனியன்டவுன் என்பது சுமார் 300 பேர் வசிக்கும் சிற்றூர். அவ்வூர் உயர்தரப் பள்ளி மாணவியர் சிலர் 1999ஆம் ஆண்டில் சரித்திரப் போட்டியொன்றுக்காக ஓராண்டு வேலையை மேற்கொண்டனர். நாஜிகள் வார்ஸா நகரில் யூதர்களை அடைத்து வைத்திருந்த மதிற்புறத்திலிருந்து ஐரீனா ஸெண்ட்லர் என்னும் போலந்து மாது 2,500 குழந்தைகளைக் காப்பாற்றினார் என்று கூறும் பத்திரிகைத் துணுக்கு ஒன்றை அவர்களிடம் கொடுத்த உபாத்தியாயர் நார்மன் கானார்ட், எண் அச்சுப்பிழையாக இருக்கலாம், விசாரியுங்கள் என்றார்.

விசாரித்தார்கள். அம்மாது சமூகநல இலாகா ஊழியர். தொற்றுநோய்த் தடுப்பு என்ற அனுமதிச் சீட்டுடன் உள்ளே சென்று வந்தவர். குழந்தைகளின் மெய்ப்பெயர்களை மெல்லிய காகிதத்தில் எழுதிச் சாடிகளிலிட்டு மரத்தடியில் புதைத்து வைத்தவர். 1943இல் பிடிபட்டுச் சித்திரவதைக்குள்ளாகி, மரண தண்டனையினின்றும் தோழர்கள் கொடுத்த லஞ்சத்தால் தப்பியவர். அவருடைய சமாதி எங்கே என்று தேடிய மாணவியருக்கு, அவர் வார்ஸாவில் உயிருடனிருக்கிறார் என்ற செய்தி கிடைத்தது!

சரித்திரமாகத் தொடங்கிய வேலை பிறகு நாடகமாயிற்று, கடிதமாயிற்று, மொழிபெயர்ப்பாயிற்று. முந்நூறுக்கு மேற்பட்ட தடவை அது மேடையேறியது. ஆங்காங்கே ஒரு சாடியை வைத்து, அம்மாதுக்கும் அவரைப் போன்றோருக்கும் பணம் திரட்டினார்கள். 2001இல் வார்ஸா சென்று அவரை நேரில் கண்டார்கள். யாத் வஷேம் நிலையம் 1965லேயே அவரைக் கௌரவித்திருந்தது. எனவே மாணவியர் அவரைக் கண்டுபிடித்தார்கள் என்று கூறுவது மிகை. ஆயினும் அறிஞர் சிலர் மட்டும் அறிந்த பெயரைப் பாமரரும் அறியச் செய்தவர் அவர்களே. 2003இல் போலந்து அரசாங்கம் தனது உயரிய விருதை அவருக்கு அளித்தது. 2008இல், தமது 98ஆம் வயதில், அவர் காலமானார்.

அந்த 2,500 என்ற எண் இன்றும் விவாதத்திலிருக்கிறது. பலர் கூடிச் செய்த காரியம் அதுவென்று ஐரீனா அம்மையாரே வற்புறுத்தினார். எண்ணையே சந்தேகிக்கும் ஆராய்ச்சியாளரும் உண்டு. இதை நாம் குறையாக மதிக்கவில்லை. வகுப்பறைக்குள் கிடந்திருந்தால் அவ்வெண்ணை யார் தட்டிக் கேட்டிருப்பர்? சபையில் சொன்னதற்குச் சபையில் பதில் சொல்லியாக வேண்டும். இந்த அச்சமே மாணாக்கரைச் சான்று தேடவும், கணக்கைச் சரிபார்க்கவும், மொழியைச் செம்மை செய்யவும் வைக்கிறது. பாடங்கள் தாமே ஒன்றோடொன்று கூடுவதும் இப்படித்தான். பாடத்திட்டத்தில் எழுதி வைப்பதனால் மட்டும் அவை கூடிவிடுவதில்லை.

நமக்கோ சபை தயாராகவே இருக்கிறது. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை கூடுகிறது. ஊர் ஏரியின் பரப்பை அளந்து, வண்டலைச் சோதித்து, முதியோரிடம் மடைகளின் பழைய வழக்கத்தைக் கேட்டெழுதி, எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் அச்சபையில் பதினைந்து நிமிஷம் வாசிக்கட்டும். ஆக்கிரமிப்பாளர் சிலருக்கு அது கசக்கும். தலைமையாசிரியரை மிரட்டவும் கூடும். அப்போது அவருக்குத் துணை நிற்பது ஊரிலுள்ள தேசபக்தரின் கடமை. மார்ச்சு 22ஆம் தேதி நீர் நாளன்று கூடும் சபையே இதற்குப் பொருத்தமானதெனினும், அது பொதுத்தேர்வுக் காலமாதலால் உபாத்தியாயர்களுக்கு ஓய்விராது. அக்டோபர் 2ஆம் தேதிச் சபையில் தொடங்கலாம்.